அனுப்பானடி எங்கே வரும்? அகரவரிசையும் மதுரையும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அகரத்தில் தொடங்கும் ஐந்து ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொள்வோம். நெடுங்கணக்கு மனப்பாடமாக உள்ள ஒருவர் அவற்றை இப்படி அடுக்குவார்: அண்ணாநகர், அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில், அனுப்பானடி. அதே பெயர்களைக் கணினியில் தட்டி, எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கச் சொன்னால் வரிசை மாறும்: அண்ணாநகர், அனுப்பானடி, அலங்காநல்லூர், அழகர்கோவில், அவனியாபுரம். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தாலோ அழகர்கோவில் முதலிடத்துக்கு ஓடிவரும். அதிலும் ழகரத்துக்கு 'எல்' போட்டால்தான் முதலிடம்; 'இசட் எச்' போட்டால் அதே ஊர் கடைசிக்குப் போய்விடும்.

ஊர்கள் ஐந்துதான், வரிசைகள் மூன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதிப்படி சரியானதுதான். 'அகரவரிசைப்படி அடுக்குக' என்று கேள்வித்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கும் காரியம், பார்ப்பதுபோல் அவ்வளவு எளிதில்லை. தமிழில் இந்த வரிசை எப்படி வந்தது, எந்தெந்த இடத்தில் இன்னும் வழக்கு தீரவில்லை, இதில் மதுரைக்கு என்ன பங்கு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எழுத்துக்கு வரிசை உண்டு, சொல்லுக்கு இல்லை

எழுத்துகளின் வரிசை மிகப் பழையது. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் 30 எழுத்துகள் என்று தொல்காப்பியமே எல்லை கட்டிவிட்டது. நன்னூல் இந்த வரிசைக்குக் காரணமும் சொல்கிறது: சிறப்பாலும் இனத்தாலும் சேர்ந்து நடப்பதே முறை. தனித்து ஒலிக்கும் உயிர் முன்னால், அதைச் சார்ந்து ஒலிக்கும் மெய் பின்னால். குறிலை அடுத்து அதன் நெடில். வல்லினத்தை அடுத்து அதன் இனமான மெல்லினம்: கங, சஞ, டண, தந, பம. தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் பயணம் இது.

இந்தக் கணக்கில் ஒன்று உதைக்கிறது. றகரமும் னகரமும் வல்லினமும் மெல்லினமுமாகச் சேர்ந்த இணை. வாய்க்குள் அவை பிறக்கும் இடத்தைப் பார்த்தால் ட, ண இணைக்கும் த, ந இணைக்கும் நடுவில் அமர்ந்திருக்க வேண்டும். ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கின்றன. ய, ர, ல, வ முடிந்ததும் ழ, ள, ற, ன என்று நான்கும் ஒரு கூட்டமாக வருகின்றன. வடமொழியோடு பொதுவான வரிசை ஒன்று முன்னால் ஓட, தமிழுக்கு மேலும் தேவைப்பட்டவை வாலில் சேர்ந்தன என்று இதை விளக்குவார்கள். இதற்குத் துணை நிற்கும் கல் சான்று மதுரைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. மேலூர் வழியில் மாங்குளம் குன்றின் குகைத்தளத்தில் நெடுஞ்செழியன் பெயரைத் தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறார்கள். பிராமி எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ழ, ள, ற, ன ஆகிய நான்கு ஒலிகளுக்கும் தனிக் குறிகள் தேவைப்பட்டன. கல்வெட்டில் புதிதாய்ச் சேர்ந்த அதே நான்கும்தான் நெடுங்கணக்கின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன.

எழுத்தை வரிசைப்படுத்துவது வேறு, அந்த எழுத்தால் ஆன சொற்களை வரிசைப்படுத்துவது வேறு. தமிழில் இரண்டாவது வேலை தொடங்க இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. இடையில் எழுத்துவரிசையைப் பயன்படுத்தியவர்கள் ஆசிரியர்கள்தாம். ஆத்திசூடி உயிரில் தொடங்கி வருக்கம் வருக்கமாக நடப்பது பிள்ளைகள் ஒன்றை மறந்தால் அடுத்த எழுத்து அதை எடுத்துக் கொடுக்கட்டும் என்பதற்காக. அங்கே வரிசை நினைவுக்கான கயிறு. தேடுவதற்கான ஏணியாக அது இன்னும் மாறவில்லை.

நிகண்டு: மனப்பாடக்காரரின் வரிசை

சொற்களைத் தொகுத்த பழைய நூல்கள் நிகண்டுகள். முதலில் வருவது திவாகரம். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள் வாரியாக அது சொற்களைப் பிரித்தது. யானைக்கு எத்தனை பெயர் என்று தெரிய வேண்டுமானால் விலங்கின் பெயர்த் தொகுதிக்குப் போனால் போதும். 'கைம்மா' என்றால் என்ன என்று தெரியாதவருக்கு எந்தத் தொகுதிக்குப் போவது என்பதே தெரியாது. பொருள் தெரிந்தவருக்குச் சொல்லைக் கொடுக்கும் நூல் அது. சொல் தெரிந்தவருக்குப் பொருளைக் கொடுக்காது.

இதைக் குறை என்று சொல்வது நியாயமில்லை. நிகண்டைப் புரட்டிப் பார்க்க அன்று யாரும் நினைக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதை நெட்டுருச் செய்தார்கள். நெட்டுரு ஆன நூலில் பக்கம் தேட வேண்டியதில்லை. செய்யுள் எழுதுகிறவருக்கு அடுத்த அடியில் எதுகைக்கு ஒரு சொல் வேண்டும். அதற்கு ஏற்றபடி சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி பல பொருள் தரும் சொற்களைக் ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியது. முதலெழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்தால் அடுக்குவது நமக்கு விநோதம். எதுகை தேடும் புலவருக்கு அதைவிடப் பொருத்தமான வரிசை வேறு இல்லை.

1594இல் புலியூர்ச் சிதம்பர ரேவண சித்தர் செய்த 'அகராதி நிகண்டு' இதில் ஒரு திருப்பம். சொற்களை முதலெழுத்தின்படி அகரம் தொடங்கி அடுக்கினார். நூலின் பெயரிலேயே அந்த அடுக்குமுறை இருக்கிறது: அகரத்தை ஆதியாக உடையது. பின்னாளில் சொற்பொருள் சொல்லும் எல்லா நூலுக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. ஒரு வகை நூலையே அதன் வரிசையின் பெயரால் நாம் அழைக்கிறோம். ஆனாலும் அவர் பார்த்தது முதலெழுத்தை மட்டுமே. ககரத்தில் தொடங்கும் சொற்கள் ஒரே இடத்தில் இருந்தனவே தவிர, இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று உள்ளே போகும் ஒழுங்கு அதில் இல்லை.

ஏன் உள்ளே போகவில்லை? ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு ஒரு காரணம் தெரியும். ஏட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். புள்ளி இல்லாவிட்டால் 'க' என்பதும் 'க்' என்பதும் ஒன்றுதான். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இருந்த வேறுபாடும் புள்ளியில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. காலும் ரகரமும் ஒரே உருவம். இப்படி எழுதிய சொல்லைப் படித்துப் பொருள் உணர்ந்த பிறகே எழுத்து எது என்று முடிவு செய்ய முடியும். கண்ணால் பார்த்த மாத்திரத்தில் அடுக்க வழியில்லை.

பாதிரிமார் வந்த பிறகு

ஐரோப்பியப் பாதிரிமாருக்குத் தமிழ் வேறு விதத்தில் தேவைப்பட்டது. அவர்கள் நெட்டுருச் செய்து வளர்ந்தவர்களல்லர். காதில் விழுந்த சொல்லுக்குப் பொருள் தேடியவர்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்த பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை வைத்து 1966இல் தனிநாயக அடிகள் அதை மறுபதிப்பாக வெளியிட்டார்.

அதே மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதிகள் சேர்ந்தது அது. இந்தப் பிரிப்பே அன்றைய நிலைமையைக் காட்டுகிறது. பெயரகராதி சொல்லைத் தேடுகிறவருக்கு. தொடையகராதி எதுகை தேடுகிறவருக்கு. பழைய வாசகரையும் புதிய வாசகரையும் ஒரே நூலில் உட்காரவைத்தார். ஏகார ஓகாரங்களுக்கு இன்றைய நெடில் வடிவத்தைக் கொண்டுவந்தவர் என்றும் அவரைத்தான் சொல்கிறோம். எழுத்துச் சீர்திருத்தமாகவே நாம் பார்க்கும் அந்த மாற்றத்துக்கு வரிசையிலும் பங்கு உண்டு. எகரமும் ஏகாரமும் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால்தான் அவற்றை முன்பின்னாக அடுக்க முடியும். 1824இல் சதுரகராதி சென்னையில் அச்சேறியது.

அச்சு வந்த பிறகு வேலை வேகமெடுத்தது. 1842இல் 58,500 சொற்களோடு யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அகராதி. 1862இல் சென்னையில் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி. ஒரே வடிவில் வார்த்த அச்செழுத்து, தவறாமல் வரும் புள்ளி, பக்க எண் இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் கடைசி எழுத்து வரை போகும் அகரவரிசை பயனுள்ளதாயிற்று.

தமிழ்ச் சங்கம் ரோட்டில்

1901 செப்டம்பர் 14 அன்று பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். 'செந்தமிழ்' இதழும் பாண்டியன் புத்தகசாலையும் எல்லோரும் அறிந்தவை. அகராதிப் பணியில் அந்தச் சங்கம் செய்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த பேரகராதியை அவர் மறைவுக்குப் பின் சங்கம் 1910, 1912, 1923 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. அறிஞர்கள் அதைச் 'சங்கத்தகராதி' என்றே சொன்னார்கள். ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வெளிவரவும் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவே காரணம். புராணப் பாத்திரங்கள், அரசர், புலவர், ஊர், மருந்து என எல்லாவற்றையும் அகரவரிசையில் கலந்துவைத்தது அது. நிகண்டு தெய்வத்தையும் விலங்கையும் வேறு வேறு தொகுதியில் வைக்கும். அபிதான சிந்தாமணியில் அவை அடுத்தடுத்து நிற்கும். தகுதி பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்க்கும் சமத்துவம் அகரவரிசையில் இருக்கிறது. இது பழைய கல்விமுறைக்குப் புதிது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்று இன்று எல்லோரும் சொல்லும் பேரகராதியும் மதுரையில் தொடங்கியதுதான். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் அதன் முதல் பதிப்பாசிரியர். 1913இல் இங்கே தொடங்கிய பணி 1915இல் சென்னைக்கு இடம் மாறியது. பின்னர் ச. வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்று 1936இல் ஆறு தொகுதிகளை முடித்தார், 1,04,405 சொற்கள். 1939இல் வந்த பின்னிணைப்பில் மேலும் 13,357. இத்தனை ஆயிரம் சொற்களை அடுக்க உட்கார்ந்தவர்களுக்கு, இலக்கண நூல்கள் வாய் திறக்காத இடங்களில் எல்லாம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

'அகராதி' என்ற பெயரைப் பற்றியும் மதுரைக்கு ஒரு நினைவு உண்டு. 'ஆதி' வடசொல் என்பதால் 'அகரமுதலி' என்றே சொல்ல வேண்டும் என்று வாதிட்டவர் தேவநேயப் பாவாணர். 1974இல் தமிழக அரசு அவரைச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராக்கியது. 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் பேசிய அவர், அதே மாதம் இந்த ஊரிலேயே காலமானார். முதல் பகுதி அச்சாகி வந்தது 1985இல். ஆதியா முதலா என்று பண்டிதர்கள் வழக்காடிக்கொண்டிருக்க, மதுரைத் தெருவில் அந்தச் சொல் வேறு வேலை பார்க்கிறது. எதைச் சொன்னாலும் எதிர்த்து ஒன்று சொல்பவனை 'அகராதி பிடிச்சவன்' என்கிறோம். எல்லாம் தனக்குத் தெரியும் என்ற அந்த மிடுக்கு அகராதிக்கும் கொஞ்சம் உண்டுதான்.

தீராத வழக்குகள்

முதல் வழக்கு மெய்யெழுத்து. அக்கா முன்னா, அகம் முன்னா? நெடுங்கணக்கில் உயிர், மெய், உயிர்மெய் என்பது முறை. அதன்படி 'க்' வந்த பிறகே 'க' வரும், அக்கா முன்னால் நிற்பாள். லெக்சிகன் இந்த வழியே போகிறது. அதில் 'கண்' முடிந்துதான் 'கணக்கு'. எழுத்து வடிவத்தைப் பார்த்து அடுக்குகிறவர்கள் 'க' முதல் 'கௌ' வரை முடித்துவிட்டுப் புள்ளி வைத்ததைக் கடைசியில் சேர்க்கிறார்கள். அப்போது அக்கா பல பக்கம் தள்ளிப் போவாள். ஆய்தத்தின் இடம் இந்த அளவுக்குச் சிக்கலில்லை. உயிருக்கும் மெய்க்கும் நடுவில் அது நிற்பதால் 'அஃது' என்பது 'அக்கா'வுக்கும் முன்னால் வந்துவிடும்.

இரண்டாம் வழக்கு கிரந்த எழுத்து. ஜெய்ஹிந்துபுரத்தை எங்கே வைப்பது? ஒலி உறவைப் பார்த்தால் செல்லூருக்கு அடுத்து. இலக்கணம் எண்ணிய எழுத்துக்கு அப்பாற்பட்டது என்று பார்த்தால் விளாங்குடிக்கும் பின்னால். இரண்டுக்கும் ஆதரவாளர் உண்டு. தமிழ் வரிசையின் தர்க்கத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. ழ, ள, ற, ன நான்கையும் இடையில் செருகாமல் வாலில் சேர்த்த மரபு இது. புதிதாய் வந்தவருக்கும் வரிசையின் கடைசிதான் முறை.

மூன்றாம் வழக்கு சந்தி. மதுரைக் கல்லூரி, மதுரைத் தமிழ்ச் சங்கம், மதுரை மருத்துவக் கல்லூரி என்று மூன்று பெயர்கள். இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் எழுத்தெழுத்தாக அடுக்கினால் இதே வரிசை வரும். சொல்லுக்குச் சொல் அடுக்கினால் 'மதுரை' என்று வெறுமனே முடியும் மருத்துவக் கல்லூரி முதலில் வந்துவிடும். ஒற்று ஏறிய மற்ற இரண்டும் பின்னால் போகும். ஒற்று அந்தப் பெயரின் உறுப்பில்லை, அடுத்த சொல்லால் வந்தது. தேடி வருகிறவர் 'மதுரை' என்றுதான் தேடுவார். ஆகவே பெயர்ப்பட்டியலில் சந்தி ஒற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது.

நான்காவது தலைப்பெழுத்து. நம் பெயரில் அப்பா பெயரின் எழுத்து முன்னால் நிற்கிறது. அதைப் பார்த்து அடுக்கினால் வகுப்பில் உள்ள செல்வங்கள் எல்லாம் திசைக்கொருவராகச் சிதறுவார்கள். பார்க்காமல் அடுக்கினால் எல்லா செல்வமும் ஒரே இடத்தில் குவிந்து, அவர்களைப் பிரிக்க மறுபடி தலைப்பெழுத்தே தேவைப்படும். இரண்டாவதுதான் அகராதிக்காரர் வழி: பெயர் முதலில், தலைப்பெழுத்து இணை பிரிக்க மட்டும்.

இந்த வழக்குகள் நமக்கு மட்டும் வந்தவையல்ல. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'ஈ', 'ஓ' போன்ற எழுத்துகளின் தலையில் கூரையும் புள்ளிகளும் வரும். அடுக்கும்போது அவற்றைக் கண்டுகொள்வதில்லை. மற்றபடி ஒன்றாகவே இருக்கும் இரண்டு சொற்களைப் பிரிக்க மட்டும் அவை உதவும். நம் தலைப்பெழுத்துச் சிக்கலுக்கு அண்ணன் அங்கே இருக்கிறார். 'வான் டெர் மெர்வ' என்ற குடும்பப்பெயரைத் தென்னாப்பிரிக்காவில் 'வி'யில் தேட வேண்டும். அந்தப் பெயர் புறப்பட்டு வந்த நெதர்லாந்தில் 'எம்'மில் தேட வேண்டும். ஸ்பானிய மொழியில் 'சி எச்', 'எல் எல்' இரண்டும் தனி எழுத்துகளாக அடுக்கப்பட்டு வந்தன. 1994இல் மொழிக்கழகங்கள் கூடி அந்த வழக்கத்தை நிறுத்தின. அதே தென்னாப்பிரிக்காவுக்கு 1860 முதல் கப்பலேறிய தமிழர்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில் பதிவாயின. கவுண்டர் 'கோவெண்டர்' ஆகி 'ஜி'யில் போய் நின்றார். எழுத்து மாறினால் வரிசையில் ஆளின் இடமும் மாறிவிடும்.

கணினி கலைத்த வரிசை

அச்சு கட்டிய ஒழுங்கைக் கணினி ஒரு சுற்றுக் கலைத்துவிட்டது. தொடக்கத்தில் வந்த எழுத்துருக் குறியீடுகள் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையே சேமித்தன. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் இருப்பதால் நினைவகத்திலும் கொம்பே முன்னால். அதை அடுக்கினால் கெ, பெ, மெ எல்லாம் கொம்பில் தொடங்கும் ஒரே குடும்பமாகிவிடும்.

யூனிகோடு அந்தக் கொம்பை முறித்தது. மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால். ஆனால் 1991இல் தமிழுக்கு ஒதுக்கிய கட்டம், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகத் தேவநாகரியை அடியொற்றி வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றியது. எல்லா இந்திய எழுத்தும் ஒரே அச்சில் பொருந்த வேண்டும் என்பது நோக்கம். அதனால் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ஜகரம் சகரத்தின் பின்னாலும் அமர்ந்தன. ஆய்தம் அகரத்துக்கே முன்னால் போய்விட்டது. மயில், மரம், மலர், மழை, மறம், மனம் என்பது நம் வரிசை. எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் மனத்தை மயிலுக்கு முன்னால் கொண்டுவரும். மழையைக் கடைசியில் நிறுத்தும்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. சேமிக்கும் எண் ஒன்று, அடுக்கும் வரிசை வேறு என்று யூனிகோடே பிரித்துவைத்திருக்கிறது. அடுக்குவதற்கென்று அது தரும் தனி விதிமுறையைப் பயன்படுத்தினால் னகரம் தன் பழைய இடத்துக்கு வந்துசேரும். தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற 'டேஸ் 16' குறியீடு வேறு வழியில் போனது; உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து நெடுங்கணக்கு வரிசையிலேயே வைத்தது. கருவி இருக்கிறது. செயலியோ பட்டியலோ செய்கிறவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கிடைப்பது எண்வரிசை.

நல்ல பயனையும் மதுரையிலிருந்தே சொல்லலாம். சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு செய்வது முன்பு சீட்டு சீட்டாக எழுதிப் பல ஆண்டுகள் இழுக்கும் வேலை. இங்கே அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய ப. பாண்டியராஜா கணினியின் துணையோடு பழந்தமிழ் நூல்களுக்குத் தொடரடைவுகளை உருவாக்கி இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்தார். ஒரு சொல் எந்தெந்த அடியில் வருகிறது என்பது இப்போது ஒரு தட்டலில் தெரியும்.

யாருக்கான வரிசை

தேடல் பெட்டி வந்த பிறகு அகரவரிசை எதற்கு என்று கேட்கலாம். பெட்டியில் சொல்லைத் தட்டுகிறவருக்கு வரிசை தெரிய வேண்டியதில்லைதான். ஆனால் வாக்காளர் பட்டியல், வருகைப் பதிவேடு, நூலின் பின்னிணைப்பு, கைப்பேசியின் பெயர்ப்பட்டியல் எல்லாம் இன்னும் கண்ணால் ஓட்டிப் பார்ப்பவை. மதுரை நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் வேறெந்த நூலகத்திலும் இரண்டு மரபும் சேர்ந்தே வாழ்கின்றன. அலமாரி நிகண்டைப் போலப் பொருள் வாரியாக நிற்கிறது. ஒரே பொருளுக்குள் நூல்களை வரிசைப்படுத்த எழுத்து தேவைப்படுகிறது.

நிகண்டு நெட்டுருச் செய்தவருக்கு, எதுகை வரிசை செய்யுள் செய்தவருக்கு, அகராதி தேடியவருக்கு, எண்வரிசை இயந்திரத்துக்கு. வரிசைகள் மாறிய ஒவ்வொரு முறையும் பயன்படுத்துகிறவர் மாறியிருக்கிறார். இந்த அளவுகோலை வைத்தால் ஒரு முடிவுக்கு வரலாம். தமிழ் படிக்கிறவர் கண்ணால் பார்க்கப் போகும் பட்டியல் நெடுங்கணக்குப்படி இருக்க வேண்டும். மெய் முன், உயிர்மெய் பின், கிரந்தம் கடைசியில், சந்தி ஒற்றும் தலைப்பெழுத்தும் இணை பிரிக்க மட்டும். பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும்.

அப்போது அந்த ஐந்து ஊரில் அனுப்பானடி ஐந்தாவதாக வரும். கடைசியில் தள்ளிவிட்டார்களே என்று அந்த ஊர்க்காரர் கேட்டால், அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிப்பது தொல்காப்பியர் போட்ட எல்லை, உங்கள் ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்தில் அந்த இரண்டு எல்லையும் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.